என்தூசியாசம் என்ற சொல்லை எங்கே வைப்பது

வாடை ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கினால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்காரர் சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். அந்த நாட்களில் என் வீட்டு விறாந்தை மேசையில் விண்ணப்பக் கடிதங்கள் நிறைந்துவிடும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் கொண்டுவருவார்கள். ஏறத்தாழ எல்லாக் கடிதத்திலும் ஒரே வசனம் இருக்கும்: ‘ஐ ஹாவ் லொட்ஸ் ஒஃப் என்தூசியாசம்.’

இலக்கணத்தில் அந்த வசனத்துக்குக் குறையில்லை. ஆனால் வாசிக்கிற மனேஜருக்கு அது ஒன்றையும் சொல்லாது. ஆங்கிலத்தில் ஆர்வத்தைக் குறிக்கும் சொற்களில் இதுதான் அதிகம் பழுதாகப் பாவிக்கப்படுகிறது என்பது என் எண்ணம். நல்ல சொல் அது, அதன் இடம் தெரிந்து வைத்தால் வேலை செய்யும். என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வாயில் ஏற்றுவது

எழுத முன்னர் சொல்லிப் பழகுங்கள். நேர்முகப் பரீட்சையில் நாக்கு தடுமாறினால் நம்பிக்கையும் சேர்ந்து தடுமாறும்.

அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும்: என்-தூ-சி-யா-சம் என்பதில் ‘தூ’வைத் தூக்கிச் சொல்லுங்கள். வெள்ளைக்காரர் சிலர் அதை ‘த்யூ’ என்பார்கள், அதுவும் சரி. அந்தத் த எங்கள் த அல்ல. எங்கள் தகரத்துக்கு நாக்கு மேற்பல்லின் பின்னால் ஒட்டி நின்று காற்றை அடைத்துவிட்டுத் திறக்கும். இதற்கு நாக்கு நுனியை இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் மெல்ல வைத்துக் காற்றை வெளியே ஊத வேண்டும், அடைக்கக் கூடாது. அதற்குப் பின்னால் வருகிற இரண்டு சகரமும் எங்கள் ச அல்ல. நுளம்பு காதுக்குப் பக்கத்தில் பறக்கிற மாதிரி அதிர வேண்டும். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், விரலுக்கு அதிர்வு தெரிந்தால் சரி.

‘என்தூசியாஸ்டிக்’ என்று வந்தால் அழுத்தம் இடம் மாறி ‘யாஸ்’ மேல் ஏறிவிடும். அங்கே முதல் சகரம் மட்டும்தான் அதிரும். ‘ஸ்டிக்’ பக்கத்து ஸ் அதிராது. இந்த இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பழகினால் போதும், மற்ற வடிவங்கள் தானாக வரும்.

‘சமையலில் ஆர்வம்’ என்பதால் வருகிற பிழை

தமிழில் நாங்கள் ‘சமையலில் ஆர்வம்’, ‘கிரிக்கெட்டில் ஆர்வம்’ என்போம். அந்த ‘இல்’தான் ஆங்கிலத்தில் எங்களைப் பிடித்து இழுக்கிறது. பிள்ளைகள் அதை அப்படியே ‘இன்’ ஆக்கி ‘என்தூசியாசம் இன் குக்கிங்’ என்று எழுதிவிடுவார்கள். அது பொருந்தாது. ‘என்தூசியாசம்’ என்றால் ‘ஃபோர்’ வேண்டும்: ‘என்தூசியாசம் ஃபோர் குக்கிங்.’ ‘என்தூசியாஸ்டிக்’ என்றால் ‘எபவுட்’ வேண்டும்: ‘என்தூசியாஸ்டிக் எபவுட் குக்கிங்.’

‘இன்’ பொருந்துகிற ஒரு சொல் இருக்கிறது, அது ‘இன்ரறெஸ்ட்’. ‘இன்ரறெஸ்டட் இன் குக்கிங்’ சரியான வசனம். இந்த ஒன்றில் தமிழ் வழக்கமும் ஆங்கில வழக்கமும் தற்செயலாக ஒத்துப்போவதால் எல்லாவற்றுக்கும் ‘இன்’ போடலாம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ‘கீன்’ (விருப்பமுள்ள) என்பதற்கு ‘ஒன்’, ‘பாஷன்’ (தீராத பிடிப்பு) என்பதற்கு ‘ஃபோர்’. சொல்லைப் பாடமாக்கும்போதே அதன் வாலையும் சேர்த்துப் பாடமாக்குங்கள். தனிச் சொல்லாகப் பட்டியல் போட்டுப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

‘இன்ரறெஸ்டட்’ பற்றிச் சொல்ல வந்ததால் இன்னொன்று. ‘ஐ ஆம் வெரி இன்ரறெஸ்டிங்’ என்று எழுதாதீர்கள். அதற்கு ‘நான் மிகவும் சுவாரசியமான ஆள்’ என்று பொருள். ‘ஐ ஆம் எக்ஸைட்டிங்’ என்பதும் அப்படித்தான். உணர்ச்சி உங்களுக்கு வந்தால் முடிவு ‘-ட்’, உணர்ச்சியைக் கிளப்புகிற பொருளுக்கு முடிவு ‘-டிங்’. புறாத்தீவுப் பயணம் எக்ஸைட்டிங், போகிற நீங்கள் எக்ஸைட்டட்.

இன்னொரு வழுக்கல் ‘ஊக்கம்’. தமிழில் இது இரண்டு வேலை செய்கிற சொல். ‘ஊக்கமுள்ள பிள்ளை’ என்றால் ஊக்கம் பிள்ளைக்குள்ளேயே இருக்கிறது. ‘அம்மா ஊக்கம் கொடுத்தா’ என்றால் வெளியிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் முதலாவது மட்டும்தான் என்தூசியாசம். இரண்டாவதற்கு ‘என்கரேஜ்’ என்ற வேறு வினை இருக்கிறது. ஆகவே ‘மை மதர் கேவ் மி என்தூசியாசம்’ என்பதை வெட்டிவிட்டு ‘மை மதர் என்கரேஜ்ட் மி’ என்று எழுதுங்கள். காட்டுவது சரி: ‘ஆர்வம் காட்டினான்’ என்பதை ‘ஹி ஷோட் என்தூசியாசம்’ என்று தயங்காமல் எழுதலாம்.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘என்தூசியாஸ்ட்’ என்பது ஆள், எங்கள் ‘ஆர்வலர்’ மாதிரி. பறவை ஆர்வலர் என்றால் ‘பேர்ட் என்தூசியாஸ்ட்’, பொருள் முன்னுக்கு வரும், இரண்டு மொழியிலும் ஒரே வரிசை. ‘என்தூசியாஸ்டிகலி’ என்பது செயலோடு வரும்: ‘தே க்ளாப்ட் என்தூசியாஸ்டிகலி’, உற்சாகமாகக் கை தட்டினார்கள். ‘என்தூஸ்’ என்ற வினை 19ஆம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லை வெட்டிச் செய்யப்பட்டது. கதைக்கும்போது சொல்வார்கள், ஆனால் அதைப் பிடிக்காத பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் தவிர்த்துவிடுங்கள். ‘ஓவர் என்தூசியாஸ்டிக்’ என்றால் எங்கள் ‘ஆர்வக்கோளாறு’. விருந்தாளி யாராவது உங்களை அப்படி எழுதினால் அது பாராட்டல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சொல்லுக்குள் இருக்கிற தெய்வம்

ஒரு சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் அதை எங்கே வைக்கக் கூடாது என்பது விளங்கிவிடும். இந்தச் சொல் விஷயத்தில் அது முழு உண்மை.

இது கிரேக்கச் சொல். ‘என்’ என்றால் உள்ளே, ‘தியோஸ்’ என்றால் தெய்வம். தெய்வம் உள்ளே புகுந்த நிலைதான் பழைய கிரேக்கத்தில் இந்தச் சொல்லின் பொருள். திருக்கோணமலைப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அம்மன் கோவில் சடங்கில் பறையும் உடுக்கும் ஏற ஏற ஒரு மனுசிக்கு உரு வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துத்தான் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம். காலையில் சந்தையில் தலை குனிந்து மரக்கறி வாங்கிய அதே ஆள்தான். இப்போது கண் வேறு, குரல் வேறு, கையில் வேப்பிலை. சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிகிறது. ‘எனக்கு உரு வந்திருக்கிறது’ என்று அந்த மனுசி யாருக்கும் அறிவிப்பதில்லை.

ஆங்கிலத்துக்குள் வந்த காலத்தில் இந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ‘கடவுள் நேரே எனக்குச் சொன்னார்’ என்று வெறிகொண்டு திரிகிறவரைத்தான் என்தூசியாஸ்ட் என்று ஏசினார்கள். 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட அகராதியில் முதல் பொருளே, தனக்குத் தனியாகத் தெய்வ வெளிப்பாடு கிடைத்ததென்ற வீண் நம்பிக்கை என்பதுதான். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லியையும் அவரைப் பின்பற்றியவர்களையும் இந்தச் சொல்லால்தான் எதிராளிகள் அடித்தார்கள். அவர் 1750இல் இந்தச் சொல்லின் இயல்பைப் பற்றியே ஒரு பிரசங்கம் எழுதினார். அந்தச் சபையின் ஊழியர்கள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். எங்கள் நகரத்து மெதடிஸ்த பெண்கள் கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். ஒரு காலத்தில் வசையாக எறியப்பட்ட சொல்லை இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நற்சான்றிதழில் பாராட்டாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம், வகுப்பில் சொல்லாமல் விடமாட்டேன்.

உயர் தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டுப் பகுதி ஒன்றில் இந்தச் சொல்லைக் கண்டால் உடனே ‘உற்சாகம்’ என்று பொருள் எழுதாதீர்கள். எழுதியவர் திட்டுகிறாரா என்று முன்பின் வரிகளைப் பாருங்கள்.

காலப்போக்கில் தெய்வம் கழன்று சூடு மட்டும் மிஞ்சியது. அந்தச் சூடு இன்னும் இருக்கிறது. என்தூசியாசம் வெளியில் தெரிகிற ஒன்று: முகத்தில், குரலில், கை அசைவில், ஓடிவந்து செய்கிற வேலையில் தெரியும். மனதுக்குள் அமைதியாக இருக்கிற விருப்பத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. ‘ஐ ஆம் என்தூசியாஸ்டிக் எபவுட் பங்சுவாலிட்டி’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. நேரந்தவறாமை நல்ல பழக்கம், ஆனால் அதற்காக யாரும் உரு வந்து ஆடுவதில்லை. ‘ஐ ஆம் ஆல்வேய்ஸ் பங்சுவல்’ போதும்.

பக்கத்துச் சொற்கள்

‘கீன்’ என்பதைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன். சின்னச் சொல், அடக்கமான சொல், தன்னைப் பற்றித் தானே சொன்னாலும் பீற்றலாகக் கேட்காது. வினை வந்தால் ‘டு’: ‘ஐ ஆம் கீன் டு லேர்ன்.’ பெயர் வந்தால் ‘ஒன்’: ‘ஐ ஆம் கீன் ஒன் டைவிங்.’ பிரித்தானியர் வாயில் இது அடிக்கடி வரும், அமெரிக்கர் குறைவாகச் சொல்வார்கள். ஹோட்டலில் வேலைக்குப் போகிறவர்கள் இதன் எதிர்மறையை வடிவாகக் கவனிக்க வேண்டும். ‘ஐ ஆம் நொட் டூ கீன் ஒன் ஸ்பைசி ஃபூட்’ என்று விருந்தாளி சொன்னால், உறைப்பு கொஞ்சம் போடலாம் என்று எடுக்காதீர்கள். அது ‘வேண்டாம்’ என்பதன் மரியாதையான வடிவம். கறியில் மிளகாய்த்தூளை உண்மையாகவே குறையுங்கள்.

‘ஈகர்’ எப்போதும் முன்னுக்குப் பார்க்கிற சொல், எங்கள் ‘ஆவல்’. திமிங்கிலம் பார்க்க விடிய முன்னரே வந்து படகுக்குக் காத்திருக்கிறவர் ‘ஈகர் டு சீ த வேல்ஸ்’. பார்த்து முடிந்தபின் அவரை ஈகர் என்று சொல்ல முடியாது. கரைக்கு வந்து எல்லாருக்கும் கதை சொல்லிக்கொண்டு நிற்கும்போது அவர் என்தூசியாஸ்டிக். இந்த இடத்தில் ‘ஆங்ஷஸ்’ என்று போடுகிற வழக்கமும் உண்டு. அதில் ஆவலோடு கவலையும் கலந்திருக்கும். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவருக்குப் பொருந்தும், படகுக்குக் காத்திருப்பவருக்குப் பொருந்தாது.

‘பாஷன்’ என்பதை இப்போது எல்லா வேலை விளம்பரத்திலும் பார்க்கிறோம். இதன் வேர் இலத்தீனில் துன்பப்படுதல். அதனால்தான் கோவிலில் பெரிய வெள்ளி வாசகத்தில் ‘பாஷன்’ என்றால் ஆண்டவருடைய பாடுகள். எந்தக் கஷ்டம் வந்தாலும் விடமாட்டேன் என்கிற அளவு உங்களுக்கு ஒரு விஷயத்தில் பிடிப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள். வரவேற்பு மேசை வேலைக்கு முதல் தடவை விண்ணப்பிக்கிற பிள்ளை ‘பாஷன் ஃபோர் ஹொஸ்பிட்டாலிட்டி’ என்று எழுதினால் நம்புவது கடினம்.

‘ஸீல்’ என்பது கடமை, சமயம், கொள்கை பக்கத்துச் சொல். அலுவலகக் கடிதங்களில் வரும். அதிலிருந்து வருகிற ‘ஸெலஸ்’ பற்றி ஒரு எச்சரிக்கை. அதுவும் ‘ஜெலஸ்’ என்பதும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகள். ஒன்று விடாமுயற்சியான பற்று, மற்றது பொறாமை. எங்கள் நாக்கு இரண்டையும் ஜகரத்தில் போட்டுவிடும். ‘ஐ ஆம் எ ஜெலஸ் வேர்க்கர்’ என்று காதில் விழுந்தால், மற்ற வேலையாட்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் என்றுதான் எதிரே இருப்பவர் எடுப்பார். அந்த அதிர்கிற ஒலி உறுதியாக வரும்வரை இந்தச் சொல்லை நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடிதத்தில் என்ன செய்வது

இப்போது அந்த ‘லொட்ஸ் ஒஃப் என்தூசியாசம்’ வசனத்துக்கு வருகிறேன். உங்களைப் பற்றி நீங்கள் எழுதும் கடிதத்தில் இந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில், உங்களைப் பார்த்த ஒருவர் ‘என்தூசியாஸ்டிக்’ என்று சொல்லக்கூடிய ஒரு செயலை வையுங்கள். உரு வந்தவர் அறிவிப்பதில்லை என்று சொன்னேனே, அந்த நியாயம்தான்.

திமிங்கிலம் பார்க்கப் போகிற படகில் வழிகாட்டி வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு பெடியன் வந்தான். கடிதத்தில் வழக்கமான வசனம். கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

“தம்பி, கடலுக்குப் போய்ப் பழக்கமோ?”

“ஓம் ரீச்சர். மாமாட போட்ல லீவு நாளெல்லாம் போவன்.”

“என்ன செய்வாய் அங்க?”

“தண்ணி ஊதுறதப் பாத்துச் சொல்லுவன் ரீச்சர். நேரா உசரமா போனா அது நீலத் திமிங்கிலம். குட்டையா, பத்தையா, முன்னுக்கு இடப்பக்கம் சரிஞ்சு போனா ஸ்பேர்ம். அதுக்கு மூக்கு இடப்பக்கம்தானே இருக்கு.”

சொல்லும்போது கையால் இரண்டு ஊதலையும் வரைந்து காட்டினான். கண் அப்படியே விரிந்தது. அவன் சொன்னது சரியான தகவல். நீலத் திமிங்கிலத்தின் ஊதல் 9 மீற்றர் அளவுக்கும் எழும்பும், ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத் துளை தலையின் முன்புறம் இடப்பக்கமாக இருப்பதால் ஊதல் சரிந்துதான் வரும். இவ்வளவும் தெரிந்த பிள்ளையின் கடிதத்தில் இதில் ஒரு சொல்லும் இல்லை.

சேர்ந்து இப்படி மாற்றினோம்: ‘ஐ ஹாவ் ஹெல்ப்ட் ஒன் மை அங்கிள்ஸ் போட் இன் மை ஸ்கூல் ஹொலிடேய்ஸ். ஐ கான் டெல் எ ப்ளூ வேல் ஃப்ரொம் எ ஸ்பேர்ம் வேல் பை இட்ஸ் ப்ளோ. ஐ ஆம் கீன் டு லேர்ன் ஹவ் டு எக்ஸ்ப்ளெயின் திஸ் டு விசிட்டர்ஸ்.’ பள்ளி விடுமுறையில் மாமாவின் படகில் உதவியிருக்கிறேன், ஊதலைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறிவேன், இதைப் பயணிகளுக்கு எப்படி விளக்குவது என்று பழக விரும்புகிறேன். மூன்றே வசனம். என்தூசியாசம் என்ற சொல் எங்கும் இல்லை. வாசிக்கிறவருக்கு அதுதான் மனதில் வரும்.

உங்கள் கடிதத்துக்கும் இதே வழியில் வேலை செய்யலாம். யாராவது ஒருவரை எதிரில் இருத்தி, அந்த வேலையோடு சம்பந்தப்பட்டு நீங்கள் ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தைத் தமிழில் சொல்லுங்கள். உங்கள் குரல் எங்கே வேகம் எடுக்கிறது என்று அவர் கவனிக்கட்டும். அந்த இடம்தான் கடிதத்துக்கு வேண்டியது. சமையலறை வேலைக்கு வந்த ஒரு பிள்ளை, பெருநாளுக்கு வீட்டில் நண்டுக்கறியைத் தானே பொறுப்பெடுத்துச் சமைப்பதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நண்டின் சதை நிரம்பியிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து எடுப்பதையும் அவள் கடிதத்தில் சேர்த்தோம். பிறகு ‘கீன் டு’ போட்டு, எதைப் பழக விரும்புகிறீர்கள் என்று ஒரு வசனம். அதோடு நிறுத்துங்கள்.

நேர்முகப் பரீட்சையில் ‘ஆர் யூ என்தூசியாஸ்டிக் எபவுட் திஸ் ஜொப்?’ என்று அவர்களே கேட்டால் ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டு நேரே அந்தக் காரியத்துக்குப் போங்கள். ‘யெஸ், ஐ ஆம் வெரி என்தூசியாஸ்டிக்’ என்று சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மௌனமாக இருக்காதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் மரியாதை, உண்மைதான். ஆனால் வெளிநாட்டு மனேஜர் அதை விருப்பமின்மை என்று எடுக்கக்கூடும். கை விடுபட்டிருக்கட்டும், கண்ணைப் பார்த்துக் கதையுங்கள்.

அந்தச் சொல்லுக்கு உரிய இடம்

அப்படியானால் என்தூசியாசம் என்று எங்கே எழுதுவது? மற்றவரைப் பற்றி எழுதும்போது. நற்சான்றிதழ்தான் அதற்குச் சரியான இடம். ஆசிரியரோ அதிபரோ ‘ஷி ஷோட் கிரேட் என்தூசியாசம் ஃபோர் த ஸ்கூல் கார்டன்’ என்று எழுதினால் அதற்குப் பெறுமதி உண்டு, ஏனென்றால் வெளியில் நின்று பார்த்தவர் சொல்கிறார். அங்கேயும் ‘ஃபோர்’ க்குப் பிறகு ஒரு பொருள் கட்டாயம் வேண்டும். ‘ஆன் என்தூசியாஸ்டிக் ஸ்டூடன்ட்’ என்று வெறுமனே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வசனத்தைப் போட்டுக் கையெழுத்திடுவது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். எழுதிக்கொடுக்கிற எங்களைப் போன்றவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நற்சான்றிதழ் கேட்கப் போகும் பிள்ளைகளே, வெறுங்கையோடு போகாதீர்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஓடியோடிச் செய்த இரண்டு மூன்று காரியங்களை, எந்த ஆண்டு, யாருடைய பொறுப்பில் என்ற விபரத்தோடு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோங்கள். வகுப்பாசிரியருக்கு நூறு பிள்ளைகளின் முகம் நினைவிலிருக்கும், ஒவ்வொருவரும் செய்தது நினைவிலிருக்காது. தாளைக் கொடுத்து, “சேர், இதையும் ஒருக்கா பாத்து எழுதுவீங்களோ?” என்று கேளுங்கள். கடைசி நாளில் கேட்காமல் ஒரு கிழமைக்கு முன்னரே கேளுங்கள், அவருக்கும் யோசித்து எழுத நேரம் வேண்டும்.